மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்

அப்பா மனு எழுதிக் கொடுத்துச் சம்பாதித்தவர். வட மாவட்டம் ஒன்றில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு புங்க மரம். மரத்தடியில் மடக்கு மேசை, ஒரு ஸ்டூல், பழைய ரெமிங்டன் டைப்ரைட்டர். அதில் ‘ழ’ தேய்ந்துபோயிருக்கும். டைப் அடித்து முடித்ததும் அப்பா பேனாவை எடுத்து ஒவ்வொரு ‘ழ’வுக்கும் வால் போடுவார். கோடை விடுமுறை முழுக்க எனக்கு அங்கேதான் வேலை. கார்பன் தாள் வைப்பது, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கிவந்து ஒட்டுவது, கைநாட்டு வைப்பவர்களின் பெருவிரலை மையில் உருட்டிப் பிடிப்பது.

வீட்டுமனைப் பட்டா கேட்டு வருபவர்கள்தான் அதிகம். அந்த மனு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். “ஐயா, வணக்கம். நான் மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். எனக்குச் சொந்தமாக வீடோ வீட்டுமனையோ கிடையாது. கூலி வேலை செய்து பிழைத்து வருகிறேன்...” பன்னிரண்டு வயதில் ஒருநாள் கேட்டேன்: “ஏம்ப்பா, வீடே இல்லைன்னு மனு கொடுக்கிறவங்க மேற்படி முகவரியில வசிக்கிறேன்னு எப்படிச் சொல்றது?” அப்பா சிரிக்கவில்லை. “அந்த ஒரு வரிதான்டா கஷ்டம். மத்ததெல்லாம் கையே அடிச்சிடும்” என்றார்.

‘அனுப்புநர்’ என்று அடித்துவிட்டு அப்பா கொஞ்சம் நிறுத்துவார். வந்தவர் எங்கே படுத்து எழுகிறார் என்று விசாரிப்பார். காலனியில் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் இருப்பவருக்கு அண்ணனின் கதவு எண். ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவருக்கு ‘ஏரிக்கரை மேல்’ என்று எழுதி ஊராட்சியின் பெயர். இந்த இரண்டும் சுலபம். மூன்றாவது வகைதான் நேரம் எடுக்கும். வேலை செய்கிற முதலாளியின் கொல்லையிலோ மோட்டார் கொட்டகை ஓரத்திலோ இருப்பவர்கள். அவர்களுக்கு ‘மே/பா’ போட்டு முதலாளியின் பெயரை எழுத வேண்டும். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: “அவர் பேரைப் போடட்டுமா? விசாரணைக்கு வந்தா அவருக்குத் தெரிஞ்சிடும். பரவாயில்லையா?” பாதிப் பேர் சரி என்பார்கள். மீதிப் பேர் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் வருகிறோம் என்று போய்விடுவார்கள். பாதி அடித்த தாளை அப்பா உருவி, பின்பக்கத்தில் கணக்கு எழுத வைத்துக்கொள்வார்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் நடந்த ஒரு வாக்குவாதம். வீடற்ற ஏழைகளுக்கு மனை கொடுப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்று நான் ஒரு வரி போட்டேன். அத்தை மகன் உடனே வந்துவிட்டார். “இருபது வருஷம் இ.எம்.ஐ. கட்டி நான் ஒரு மனைக்குச் சொந்தக்காரன் ஆகிறேன் மச்சான். இவங்களுக்கு மட்டும் சும்மாவா?” அந்தப் பதிவுக்கு ஏகப்பட்ட கட்டைவிரல்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கடனுக்காக அவர் வீட்டில் எதையெல்லாம் தள்ளிப்போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய அம்மா பிறந்த வீடும் என் அப்பா பிறந்த வீடும் ஒன்றுதான். அந்த வீட்டு மண்ணுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

யாரும் கொடுக்கவில்லை. எங்கள் பூர்வீக வீடு நத்தத்தில் இருக்கிறது. கிராமத்துக் கணக்கில் வயல் வேறு, மேய்க்கால் வேறு, களம் வேறு, சுடுகாடு வேறு. ஊரார் வீடு கட்டிக் குடியிருக்க விட்ட இடம் நத்தம். அங்கே குடியிருப்பவருக்குத்தான் அது உரியது, மற்ற புறம்போக்குபோல அரசுக்குச் சொந்தமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நத்தம் நிலவரித் திட்டம் வந்தபோது எங்கள் வீட்டுக்கு முதலில் தற்காலிகமாகத் தோராயப் பட்டா கொடுத்தார்கள், பிறகு இறுதியாகத் தூய பட்டா. தாத்தா செய்ததெல்லாம் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓரத்தில் நின்றதுதான். இதை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ‘இலவச மனை’ என்று சொன்னதில்லை. பூர்வீகம் என்கிறோம்.

அதே கிராமத்தில் காலனிக்கும் நத்தம் உண்டு. சேரி நத்தம் என்று பழைய கணக்கில் இருக்கும். ஊர் நத்தத்தில் வீட்டுக்குப் பின்னால் தோட்டம், மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர் வைக்க இடம். போதாவிட்டால் பங்காளிகளுக்குள் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் சொந்த வயலின் ஓரத்தில் ஒரு வீடு எழுப்பிக்கொள்ளலாம். காலனிக்கு நான்கு பக்கமும் அடுத்தவர் பட்டா நிலம். ஒரு வீடு மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதும் மூன்று அடுப்பாகும். அடுத்த தலைமுறையில் அடுப்பு வைக்கவும் இடம் இருக்காது. விற்கிறேன் என்று ஒருவரும் வரமாட்டார், வந்தாலும் காலனிக்காரருக்கு விற்க மாட்டார். வீடில்லாதவர் என்றதும் நமக்கு நடைபாதையில் படுத்திருப்பவர்தான் ஞாபகம் வருகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படி வெட்டவெளியில் இருப்பவர்களை நாடு முழுக்கச் சுமார் 17.7 லட்சம் பேர் என்று எண்ணியது. அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் இருப்பவரும் முதலாளி கொல்லையில் இருப்பவரும் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். தலைக்கு மேல் ஏதோ ஒரு கூரை இருக்கிறதல்லவா.

ஆனால் கூரைக்குக் கீழே இருக்கும் மண் யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்காக எல்லோரும் குறிப்பிடுவார்கள். அதில் குடியிருப்பு மனைச் சிக்கலும் இருக்கிறது. சேரிக் குடிசை நிற்கிற மண்ணே மிராசுதாரின் பிடியில் இருக்கும்போது, கூலி போதவில்லை என்று பண்ணையாள் வாய் திறக்க முடியாது. திறந்தால் அன்றைக்கே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அப்பாவின் மேசை முன்னால் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இந்த அறிக்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நூறு வருஷம் கழித்தும் விஷயம் மட்டும் தெரிந்திருந்தது.

தஞ்சைப் பக்கம் இது இன்னும் இறுக்கமாக இருந்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி கேட்டுப் போராடிய பண்ணையாள் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1971இல், குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு நில உரிமை வழங்கும் சட்டம் வந்தது. நிலவுடைமையாளரின் மண்ணில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடிசை நின்ற இடத்தைச் சொந்தமாக்கிய சட்டம் அது. கேரளத்தில் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டிருப்பவரைக் குடிகிடப்புக்காரர் என்று அங்கே சொல்வார்கள். கிராமத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெருநகரில் 3 என்று குடிசையைச் சுற்றிய நிலத்தைச் சலுகை விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் போன்றவர்களின் தலைமையில், அரசு உத்தரவுக்குக் காத்திராமல் வேலி கட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்ததைவிட அந்தப் 10 சென்ட் உரிமைதான் கேரளக் கூலித் தொழிலாளியின் குரலை உயர்த்தியது என்பது என் அபிப்பிராயம். அடுத்த நாள் எங்கே படுப்பது என்ற பயம் போனால்தான் கூலியைப் பற்றிப் பேச நாக்கு எழும்.

சரி, நம் ஊரில் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. நிறையவே இருக்கிறது. வருவாய் நிலை ஆணை 21 முழுக்க வீட்டுமனை ஒப்படைப்பைப் பற்றியதுதான். புறம்போக்கு இல்லாத ஊரில் தனியார் நிலத்தை எடுத்து மனையாக்கிக் கொடுக்க, ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் 1978இலேயே வந்துவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் தலித் மக்களின் வீடுகளுக்காக நிலம் எடுத்ததை நில உரிமையாளர்கள் எதிர்த்த சமேலி சிங் வழக்கில், உறைவிடம் என்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி, அது வெறும் கூரை மட்டுமல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995 இறுதியில் சொன்னது. 1978 சட்டத்துக்கு மத்திய நில எடுப்புச் சட்டத்தால் ஒரு கண்டம் வந்தது. 2019இல் அந்த மாநிலச் சட்டம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல, அதே வருஷம் சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, காகிதத்துக்குக் குறைவில்லை.

காகிதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஓர் ஆயா ஞாபகம் வருகிறார்.

அப்பாவிடம் மனு எழுதியவர்களில் பட்டா வாங்கிவிட்ட சொற்பப் பேரில் அவரும் ஒருவர். பந்தல் போட்டு, மைக் வைத்து, மேடைக்கு ஏற்றி, கையில் கொடுத்த பட்டா. அதை லேமினேட் செய்து ட்ரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். அவ்வப்போது புங்க மரத்தடிக்குக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார். பரப்பளவு 0.01.21 ஹெக்டேர் என்று இருக்கும். புள்ளிக்கு முன்னாலும் சைபர், பின்னாலும் சைபர். “என்னா ரைட்டரய்யா, சைபரா போட்டு வச்சிருக்கான்?” என்பார். “மூணு சென்ட் ஆயா, ஆயிரத்து முந்நூறு சதுர அடி” என்று அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். கேட்டுக்கொண்டு, திருப்தியாகப் பெட்டிக்குள் வைக்க எடுத்துப் போய்விடுவார்.

மனை எங்கே என்பதை மட்டும் யாரும் அவருக்கு அளந்து காட்டவில்லை. பணம் கட்டி, சர்வேயரைக் கூட்டிக்கொண்டு, எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தின் நகலோடு நாங்கள் போனது பட்டா வாங்கிப் பல வருஷம் கழித்து. அதற்குள் நான் வேலைக்கே போயிருந்தேன். போய்ப் பார்த்தால் வயல் நிறைய மல்லாட்டை (நிலக்கடலை), பூப் பிடித்து நின்றது. பழைய நிலக்காரர் இழப்பீடு போதவில்லை என்று கோர்ட்டுக்குப் போயிருந்தார். வழக்கு நடக்கும்வரை நிலம் என்னுடையதுதான் என்று உழுது விதைத்திருந்தார். சர்வேயர் எல்லைக் கல்லைத் தேடினார். ஒன்று கிணற்று மேட்டில் துணி துவைக்கிற கல்லாக இருந்தது. மற்றவை அகப்படவில்லை. நாடாவை இழுத்து, உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டி, “இந்தப் பக்கம் வரும் ஆயா உங்க மனை” என்றார். ஆயா செடிகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அங்கே போய் நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். கிராமக் கணக்கைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அந்தப் பட்டா கணக்கில் ஏறவே இல்லை. மேடையில் கொடுத்தவர்கள் ரிஜிஸ்டரில் எழுதவில்லை.

தமிழ்நாட்டில் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒருமுறை போய் வரிசையில் நின்று பாருங்கள். பட்டா கொடுங்கள் என்று வருபவர்களுக்குச் சமமாக, கொடுத்த பட்டாவுக்கு இடத்தைக் காட்டுங்கள் என்று வருபவர்களும் நிற்பார்கள்.

இதனால்தான் ‘உறுதி’ என்கிற வார்த்தையில் நான் நிற்கிறேன். மனை கொடுக்கிற திட்டங்கள் எப்போதும் இருந்தன. கிராமப்புற நிலமற்ற தொழிலாளர்களுக்கு மனை கொடுக்கும் மத்தியத் திட்டம் 1971இலேயே தொடங்கியது. இருபது அம்சத் திட்டத்திலும் இது ஓர் அம்சம். திட்டம் என்றால் நிதி இருக்கும்வரை, மனசு இருக்கும்வரை, தேர்தல் நெருங்கும்வரை. கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். கிடைக்காதவர் யாரையும் எதுவும் கேட்க முடியாது, அடுத்த மனு எழுதலாம். எங்கள் குடும்பம் அதில்தான் சாப்பிட்டது.

தேசிய அளவில் ஒருமுறை இதை உரிமையாக எழுதிப் பார்த்தார்கள். 2012 அக்டோபரில் ஏக்தா பரிஷத் என்ற நில உரிமை அமைப்பு திரட்டிய நிலமற்றவர்கள் பல்லாயிரம் பேர் குவாலியரிலிருந்து டெல்லி நோக்கி நடந்தார்கள். ஆக்ராவில் மத்திய அரசு அவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன் தொடர்ச்சியாக 2013இல் ஊரக வளர்ச்சி அமைச்சகம் வீட்டுமனை உரிமைக்கு ஒரு வரைவு மசோதா தயாரித்தது. வீட்டுமனை இல்லாத ஒவ்வொரு கிராமப்புற ஏழைக் குடும்பத்துக்கும் 10 சென்டுக்குக் குறையாத இடம் என்றது வரைவு. ஜெய்ராம் ரமேஷ் அப்போது அமைச்சர். அந்த வரைவு சட்டமாகவில்லை.

சட்டமாகியிருந்தாலும் அது மட்டும் போதாது. தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசனத்திலேயே வீட்டு வசதிக்கான உரிமை இருக்கிறது. அதை வைத்து ஐரீன் குரூட்பூம் என்ற பெண் போட்ட வழக்கில் 2000இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிற தீர்ப்பு. அவர் 2008இல் இறந்தபோதும் தகரக் குடிசையில்தான் இருந்தார். நம் ஆயாவின் பட்டாவுக்கு அக்காள் மாதிரி அந்தத் தீர்ப்பு.

எனவே உறுதி என்று எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு நல்ல கொக்கி வைத்தார்கள்: வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் வேலையின்மைப் படி கொடுக்க வேண்டும். அது ஒழுங்காகக் கிடைத்ததா என்பது வேறு கதை. ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை வைத்தார்கள் அல்லவா, அது முக்கியம். மனைக்கும் அப்படி வைக்க வேண்டும். மனு கொடுத்த குடும்பம் தகுதியானதுதான் என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, சொல்லுங்கள், மூன்று வருஷம். அதற்குள் அளந்து, கல் நட்டு, கணக்கில் ஏற்றி, பாதையோடு மனை கொடுக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு மாதா மாதம் அரசு வாடகை கட்டட்டும். பட்டாவைக் கொடுத்த தேதியை யாரும் கணக்கில் எடுக்கக் கூடாது. கல் நட்ட தேதிதான் தேதி. இந்த ஒரு மாற்றத்துக்கே எத்தனை பந்தல் நின்றுபோகும் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

வீடு கட்டித் தருகிற திட்டங்கள்தான் இருக்கின்றனவே என்று அத்தை மகன் கேட்டார். இருக்கின்றன. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். சொந்த மனைக்குப் பட்டா இருந்தால். பிரதமர் பெயரில் இருக்கும் வீட்டுத் திட்டத்தில் கிராமத்தில் வீடு கட்டவும் முதலில் காலடி மண் வேண்டும். மனை இல்லாதவர் வீட்டுக்கான வரிசையிலேயே நிற்க முடியாது. வரிசையில் முதலில் நிற்க வேண்டியவரும் அவர்தான்.

அடுத்த ஆட்சேபம், “கொடுத்தால் வித்துடுவாங்க.” இதை வெறும் வசை என்று தள்ளிவிட மாட்டேன். விற்கிறார்கள். குறிப்பிட்ட வருஷம் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால் வெள்ளைத் தாளில் எழுதி, கால் விலைக்கு, அதே ஊர்ப் பணக்காரருக்கு விற்கிறார்கள். ஏன் என்று விசாரித்தால் இரண்டு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, ஆஸ்பத்திரிச் செலவு. இன்னொன்று, மனை இருக்கிற இடம். கரடு முரடான மேட்டில், பஸ் ஏற மூன்று கிலோமீட்டர் நடக்கிற இடத்தில், தண்ணீர் இல்லாத பொட்டலில் மனை பிரித்துக் கொடுத்தால் அங்கே யார் போய் இருப்பார்? விற்காமல் வைத்திருப்பவரும் அங்கே குடியேறுவதில்லை. அப்பா, விற்க விட்டுவிடலாம் என்பார்: “பூர்வீக வீட்டை நம்ம வித்தா யாராவது கேக்கறாங்களா?” நான் இதில் அவரோடு ஒத்துப்போகவில்லை. மனை புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும், பத்து வருஷம் பூட்டு இருக்க வேண்டும், அவசரத்துக்கு விற்றே ஆக வேண்டுமென்றால் அரசே சந்தை விலைக்கு வாங்கி அடுத்த வீடற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் யோசனை. அப்பா அதைக் கேட்டிருந்தால், அரசாங்கம் என்றைக்குடா சந்தை விலை கொடுத்தது என்றிருப்பார்.

விற்காதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு அர்ஜென்டினாவில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1981இல் புவனஸ் ஐரஸ் ஓரத்தில் ஏழைக் குடும்பங்கள் ஒரு காலி நிலத்தில் குடியேறின. அரசு நிலம் என்று நினைத்துக் குடியேறியது, பிறகு பார்த்தால் பல தனியாருக்குச் சொந்தம். 1984இல் அரசு அதைக் கையகப்படுத்தச் சட்டம் போட்டது. சில உரிமையாளர்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் வழக்கை இழுத்தார்கள். ஆகவே பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவருக்குப் பத்திரம் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை. இரண்டு பொருளாதார அறிஞர்கள் பிற்பாடு போய் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்திரம் கிடைத்தவர்கள் சுவரையும் கூரையையும் நன்றாக்கியிருந்தார்கள், பிள்ளைகள் கூடுதல் வருஷம் படித்திருந்தார்கள். பத்திரத்தைக் காட்டிக் கடன் வாங்கித் தொழில் தொடங்கி முன்னேறுவார்கள் என்று சிலர் சொல்வது மட்டும் அவ்வளவாக நடக்கவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. மனை கிடைத்ததும் முதலில் செய்கிற காரியம் ஒரு சுவரைப் பூசுவதுதான். நாளைக்குக் காலி செய் என்று சொல்ல முடிகிற இடத்தில் யாரும் சிமெண்ட் மூட்டை வாங்க மாட்டார்கள்.

நிலத்துக்கு எங்கே போவது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் குடும்பத்துக்கு 3 சென்ட் வீதம் 3,000 ஏக்கர். பாதை, கால்வாய், பிள்ளைகள் விளையாட இடம் எல்லாம் சேர்த்து 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பரந்தூர் விமான நிலையம் ஒன்றுக்கே 5,000 ஏக்கருக்கு மேல் திட்டமிட்டிருக்கிறார்கள். அது சரியா தவறா என்பது தனிச் சண்டை, அங்கே போராடுகிறவர்கள் பக்கம்தான் என் மனசு. ஒரு காரியம் முக்கியம் என்று அரசு முடிவு செய்துவிட்டால் ஏக்கர் கணக்கு அதைத் தடுப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆந்திரத்தில் 2020 டிசம்பரில் தொடங்கிச் சுமார் 30 லட்சம் பேருக்கு மனை கொடுக்கும் வேலையை எடுத்தார்கள். வேகம் பிரமாதம். ஆனால் நகரத்தில் ஒரு சென்ட், கிராமத்தில் ஒன்றரை சென்ட். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. கட்டில் போட்டால் மாடு கட்ட முடியாது. பல இடங்களில் பள்ளமும் தூரமுமான நிலம் என்ற புகார் வேறு.

நகரத்தில் இந்த வாதம் கொஞ்சம் தடுமாறும், ஒப்புக்கொள்கிறேன். சென்னைக்குள் ஆளுக்கு 3 சென்ட் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காக அடையாற்றங்கரையிலிருந்து அள்ளி, கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களுக்கும் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் வழியா? வேலை ஓரிடம், வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி, அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம். சென்னையே வேறு ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறது. 1977 வாக்கில் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, தண்ணீர், கழிவுநீர், பாதை மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஓலையில் தொடங்கி, ஓடு போட்டு, தளம் போட்டு, மாடி எடுத்து, அந்தப் பகுதிகள் இன்றைக்குச் சென்னையின் சாதாரண வீதிகளாகிவிட்டன. அரும்பாக்கத்தில் அந்தப் பக்கம் நடந்துபோகிறவருக்கு இது ஏழைகளுக்கென்று போட்ட மனைப்பிரிவு என்று தோன்றவே தோன்றாது. பிறகு ஏன் கட்டடங்களாக அடுக்க ஆரம்பித்தார்கள் என்றால், மனைப்பிரிவைத் திறந்து வைத்துப் புகைப்படம் எடுத்தால் வெறும் மண்தான் தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இது என் குசும்பு.

இன்னொரு பக்கம், ஏற்கெனவே குடியிருப்பவருக்கே பட்டா கொடுப்பது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அமைச்சரவை, சென்னையைச் சுற்றிய ‘பெல்ட் ஏரியா’விலும் மற்ற நகரங்களிலும் ஆட்சேபணையற்ற புறம்போக்கில் இருக்கும் 86,000 பேருக்குப் பட்டா கொடுக்க முடிவெடுத்தது. பெல்ட் ஏரியாவில் பட்டா கூடாது என்ற தடை 1962இலிருந்து இருந்தது. நல்ல முடிவு. ஆனால் ‘ஆட்சேபணையற்ற’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏரி, குளம், ஓடை, மேய்க்கால் எல்லாம் ஆட்சேபணைக்குரியவை. நீர்நிலையைக் காக்க 2007இல் தனிச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றமும் கண்டிப்பாக இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். ஏரியில் வீடு கட்டினால் அடுத்த மழையில் தெரிந்துவிடும். ஆனால் ஏரிக்கரையில் இருப்பவர் அங்கே ஆசைப்பட்டுப் போகவில்லை. மற்ற எல்லா மண்ணுக்கும் ஒரு பெயர் இருந்ததால் போனார். அவரை அங்கிருந்து எழுப்புவதற்கு முன்னால் வேறிடம் காட்டுவது கருணைக் கணக்கில் வராமல் கடமைக் கணக்கில் வர வேண்டும்.

இருளர் பழங்குடி மக்களிடம் பேசினால் இது புரியும். செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட குடும்பங்கள் சில வருஷத்தில் மறுபடி அதே மாதிரி சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மீட்டவர்கள் வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் என்று இருந்தது ஏரிக்கரை. சூளையில் குறைந்தபட்சம் தங்க ஒரு அறை கொடுப்பார்கள்.

அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. தாலுகா ஆபீஸ் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது, புங்க மரம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் நானும் மனு எழுதுகிறேன், காசு வாங்காமல். இப்போதெல்லாம் இணையத்தில் போட வேண்டும். சென்ற மாதம் ஏரிக்கரையிலிருந்து ஓர் இருளர் குடும்பத்தைக் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுமனை கேட்டு மனு. உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், மடமடவென்று தட்டிக்கொண்டு வந்தவள் நின்றாள். “கதவு எண் என்ன சார்?”

நான் அந்தக் குடும்பத்துப் பெரியவரைப் பார்த்தேன். “கதவு இல்ல சாமி” என்றார் அவர். “சாக்குதான் தொங்குது.”

அந்தப் பெண் பெட்டியைக் காலியாக விட்டுப் பார்த்தாள். சிவப்பில் ஏதோ வந்தது. கோடு போட்டுப் பார்த்தாள். சைபர் போட்டுப் பார்த்தாள். இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு 1 என்று தட்டினாள். எடுத்துக்கொண்டது. பிரிண்டரிலிருந்து ஒப்புகைச் சீட்டு வந்தது: எண் 1, ஏரிக்கரை.

பின்னால் அவருடைய தம்பி குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அவர்களுக்கும் மனு போட வேண்டும். அந்தப் பெண் கேட்காமலே 2 என்று தட்டினாள்.